மேசைக்கு ஒரு ஜோடி ஸ்பீக்கர்: பலகை அறுப்பது முதல் பாட்டுக் கேட்பது வரை

கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து பாட்டுக் கேட்பவருக்கும் ஸ்பீக்கருக்கும் நடுவே முக்கால் மீட்டர்கூட இருக்காது. வீட்டிலேயே ஸ்பீக்கர் செய்து பார்க்க நினைப்பவருக்கு இது பெரிய வசதி. கூடத்தை நிறைக்கும் சத்தம் தேவையில்லை. பெரிய டிரைவர் (கூம்பும் காந்தமும் சேர்ந்து ஒலி எழுப்பும் பாகம்), பெரிய பெட்டி, பெரிய ஆம்ப் (ஆம்ப்ளிஃபயர்) எதுவும் வேண்டாம். மூன்று இஞ்ச் டிரைவர் இரண்டும், ஒரு துண்டு பிளைவுட்டும், ஒரு சின்ன ஆம்ப் போர்டும் இருந்தால் இரண்டு வார இறுதிகளில் வேலை முடிந்துவிடும்.

முதல்முறை செய்கிறவர்களுக்கு நான் சொல்வது ஒன்றுதான்: ஒரு பெட்டிக்கு ஒரே டிரைவர், காற்றுப் போகாத மூடிய பெட்டி. மேல் ஸ்தாயிக்கு ட்வீட்டர் தனி, கீழ் ஸ்தாயிக்கு ஊஃபர் தனி என்று இரண்டாகப் பிரித்தால், ஒலியைப் பிரித்து அனுப்பும் கிராஸ்ஓவர் என்ற சுற்று நடுவில் வேண்டும். அந்தச் சுற்றைச் சரியாக அமைக்க அளவெடுக்கும் மைக்கும் அனுபவமும் வேண்டும். ஒரே டிரைவரில் அந்தச் சிக்கலே கிடையாது. குரலின் முழு வீச்சும் ஒரே புள்ளியிலிருந்து வருவதால், பக்கத்தில் உட்கார்ந்து கேட்பவருக்குப் பாடகர் எதிரே நிற்பது போலவே இருக்கும். மூடிய பெட்டி எதற்கு என்றால், உள்ளே அடைபட்ட காற்றே கூம்புக்கு ஸ்பிரிங்காக வேலை செய்கிறது. அமெரிக்காவில் எட்கர் வில்ச்சர் 1954-இல் கொண்டுவந்த ஏ.ஆர்-1 ஸ்பீக்கர் இந்த வழியில்தான் சின்னப் பெட்டியிலிருந்து நல்ல பேஸ் வாங்கிக் காட்டியது. மூடிய பெட்டியில் அளவு கொஞ்சம் முன்னே பின்னே ஆனாலும் பாட்டு கெடாது. துளைக்குழாய் வைத்த பெட்டி அப்படி மன்னிக்காது.

டிரைவர் வாங்குவது

சென்னைக்காரர்களுக்கு எலக்ட்ரானிக்ஸ் கடைகள் நிறைந்த ரிச்சி தெரு இருக்கிறது. மற்ற ஊர்க்காரர்கள் ஆன்லைனில் வாங்கிக்கொள்ளலாம். எங்கே வாங்கினாலும் கேட்க வேண்டியது இது: 3 அல்லது 3.5 இஞ்ச், 8 ஓம், ஃபுல்ரேஞ்ச் (மேல், கீழ் ஸ்தாயி இரண்டையும் ஒன்றே தருவது), டேட்டாஷீட் (கம்பெனி தரும் அளவுப் பட்டியல்) உள்ளது. கடைசி வார்த்தைதான் முக்கியம். டேட்டாஷீட் இல்லாத டிரைவருக்குப் பெட்டி கணக்குப் போட முடியாது. டேட்டன் ஆடியோ, டாங் பேண்ட், விசாட்டன், பியர்லெஸ் போன்ற கம்பெனிகள் இந்த அளவில் டிரைவர் செய்கின்றன. மாடல் எண்ணைத் தேடினால் டேட்டாஷீட் கிடைத்துவிடும்.

பழைய டிவியில் கழற்றிய ஸ்பீக்கரும் கார் கதவில் மாட்டும் ஸ்பீக்கரும் மலிவாகக் கிடைக்கும். கைப்பழக்கத்துக்கு அவை போதும். ஆனால் அவற்றில் பெரும்பாலானவை சின்ன மூடிய பெட்டிக்காகச் செய்யப்பட்டவை அல்ல. இரண்டு லிட்டர் பெட்டிக்குள் போட்டால் நடு பேஸ் 'பொம் பொம்' என்று உப்பி, பாடகரின் குரல் டின்னுக்குள் இருந்து வருவது போல ஆகிவிடும். டப்பா மேல் 1000 வாட் பி.எம்.பி.ஓ. (விளம்பரத்துக்காகப் போடும் உச்ச அளவு) என்று அச்சிட்டிருந்தால் அந்த எண்ணைப் பார்க்கவே வேண்டாம். தொடர்ந்து தாங்கும் அளவான ஆர்.எம்.எஸ். வாட் எவ்வளவு என்று மட்டும் பாருங்கள். இந்த வேலைக்கு 10 வாட் தாராளம்.

டேட்டாஷீட்டில் முப்பது நாற்பது வரிகள் இருக்கும். பெட்டிக்கு வேண்டியவை மூன்றே எண்கள். எஃப்.எஸ். என்பது டிரைவரை வெறும் கையில் பிடித்திருக்கும்போது அதன் கூம்பு இயல்பாக ஆடும் அதிர்வெண், ஹெர்ட்ஸில். கியூ.டி.எஸ். என்பது அந்த ஆட்டத்தைக் காந்தமும் சஸ்பென்ஷனும் (கூம்பைத் தாங்கிப் பிடிக்கும் மடிப்புகள்) எவ்வளவு இறுக்கிப் பிடிக்கின்றன என்பதைக் காட்டும் எண். எண் சிறிதானால் பிடி அதிகம். வி.ஏ.எஸ். என்பது கூம்பின் சஸ்பென்ஷன் எவ்வளவு விறைப்போ, அதே விறைப்புள்ள காற்று எத்தனை லிட்டர் என்பது. இவற்றுக்குத் தீல்–ஸ்மால் அளவைகள் என்று பெயர். ஆஸ்திரேலியப் பொறியாளர் நெவில் தீல் 1961-இல் வெளியிட்ட கட்டுரையும், சிட்னி பல்கலைக்கழகத்தில் ரிச்சர்ட் ஸ்மால் செய்து 1970-களின் தொடக்கத்தில் வெளியான ஆய்வும்தான் இந்தக் கணக்கை எல்லாருடைய கைக்கும் கொண்டுவந்தன. இன்றைக்கு ஒரு மாணவர் மூன்று எண்ணை வைத்துக்கொண்டு, பலகையைத் தொடுவதற்கு முன்பே தன் பெட்டி எப்படிப் பாடும் என்று சொல்லிவிட முடிகிறது.

கியூ.டி.எஸ். 0.4-க்கும் 0.6-க்கும் நடுவே இருக்கும் டிரைவராகப் பாருங்கள். 0.7-ஐத் தாண்டிய டிரைவரை எந்த மூடிய பெட்டியாலும் சரிசெய்ய முடியாது. பெட்டிக்குள் போனதும் அந்த எண் ஏறுமே தவிர இறங்காது.

பெட்டி எத்தனை லிட்டர்

பெட்டிக்குள் வைத்த பிறகு கிடைக்கும் கியூ எண் 0.707 ஆனால் பேஸ் சமதளமாக வந்து, உப்பாமல் இறங்கும். அதற்கான கணக்கு கால்குலேட்டரில் அரை நிமிடம். 0.707-ஐக் கியூ.டி.எஸ்.-ஆல் வகுங்கள். விடையை அதே விடையால் பெருக்குங்கள். அதிலிருந்து 1-ஐக் கழியுங்கள். வி.ஏ.எஸ்.-ஐ இந்த எண்ணால் வகுத்தால் பெட்டிக்குள் எத்தனை லிட்டர் காற்று வேண்டும் என்பது வந்துவிடும்.

ஓர் உதாரணம். டிரைவரின் எஃப்.எஸ். 100 ஹெர்ட்ஸ், கியூ.டி.எஸ். 0.5, வி.ஏ.எஸ். 2 லிட்டர் என்று வைத்துக்கொள்வோம். 0.707-ஐ 0.5-ஆல் வகுத்தால் 1.414. அதன் வர்க்கம் 2. ஒன்றைக் கழித்தால் 1. ஆக, 2 லிட்டர் பெட்டி. பெட்டிக்குள் போனதும் அதிர்வெண்ணும் அதே 1.414 மடங்கு ஏறி 141 ஹெர்ட்ஸ் ஆகிவிடும். அந்த இடத்தில் சத்தம் 3 டெசிபல் குறைந்திருக்கும், அதற்குக் கீழே ஒவ்வொரு ஆக்டேவுக்கும் (அதாவது அதிர்வெண் பாதியாகும் ஒவ்வொரு தடவையும்) 12 டெசிபல் வீதம் இறங்கும். கணக்கைச் சரிபார்த்துக்கொள்ள வின்ஐஎஸ்டி என்ற இலவச மென்பொருள் உண்டு. வரைபடமே போட்டுக் காட்டும்.

141 ஹெர்ட்ஸ் என்றதும் பலருக்கு மனம் சோர்ந்துவிடுகிறது. சோர வேண்டியதில்லை. பெண் குரல், வயலின், புல்லாங்குழல், நாதஸ்வரம் எல்லாம் பெரும்பாலும் இந்த எல்லைக்கு மேலேதான் இருக்கின்றன. ஆண் குரலின் அடி ஸ்வரம் கீழே போனாலும், அதன் மேல் ஸ்வரக்கூறுகளைக் கேட்டே நம் காது அடியை ஊகித்துக்கொள்ளும். தவிலின் தொப்பி அடியும் பேஸ் கிட்டாரின் கடைசிக் கம்பியும் முழு எடையோடு வராது என்பது உண்மை. மேசையும் பின்சுவரும் கொஞ்சம் கைகொடுக்கும். அதைப் பிறகு பார்ப்போம்.

பலகை

12 எம்.எம். பிளைவுட்டே என் தேர்வு. மரநாரை அழுத்திச் செய்யும் எம்.டி.எஃப். பலகை அறுக்க எளிது, விளிம்பு சுத்தமாக வரும், ஒலிக்கும் நல்லது. ஆனால் ஈரம் பட்டால் ஊதிப்போகும், அறுக்கும்போது வரும் மாவு போன்ற தூசி நுரையீரலுக்குக் கேடு. கடலோர ஊரில் இருப்பவர்கள் பிளைவுட்டிலேயே ஈரம் தாங்கும் பி.டபிள்யூ.ஆர். தரம் கேளுங்கள். பலகையில் ஐ.எஸ். 303 முத்திரை இருக்கும். இரண்டடிக்கு இரண்டடித் துண்டு ஒன்று இரண்டு பெட்டிக்கும் போதும். பெரிய பிளைவுட் கடைகளில் வெட்டி மீந்த துண்டு கேட்டால் கொடுப்பார்கள்.

மேலே சொன்ன உதாரணத்துக்கு நான் போடும் வெளி அளவு: அகலம் 13, உயரம் 20, ஆழம் 16 செ.மீ. உள்ளளவு 10.6 × 17.6 × 13.6 செ.மீ. வரும். பெருக்கினால் 2.5 லிட்டர். டிரைவரின் காந்தமும், பின்னால் ஒயர் மாட்டும் டெர்மினலும் கொஞ்சம் இடம் பிடித்துக்கொள்ள, மீதி ஏறக்குறைய 2.3 லிட்டர். கியூ 0.68 ஆகும், நல்லதுதான். அகலம், உயரம், ஆழம் மூன்றும் வேறு வேறாக இருப்பதைக் கவனியுங்கள். சதுரப் பெட்டி பார்க்க அழகு. ஆனால் எதிர் எதிர்ச் சுவர்களுக்கு நடுவே உருவாகும் ஒலியலைகள் மூன்று திசையிலும் ஒரே அதிர்வெண்ணில் சேர்ந்துகொண்டு, குரலில் ஓர் இடத்தை மட்டும் தூக்கிக் காட்டும்.

ஒரு ஜோடிக்கு வேண்டிய துண்டுகள்:

முன்பக்கம், பின்பக்கம்: 13 × 20 செ.மீ., நான்கு
பக்கவாட்டு: 13.6 × 20 செ.மீ., நான்கு
மேல், கீழ்: 10.6 × 13.6 செ.மீ., நான்கு

கடையின் டேபிள் சாவிலேயே அறுத்து வாங்குங்கள். கைரம்பத்தால் நேர்க்கோட்டில் அறுப்பது பழகிய ஆசாரிக்கே பொறுமை கேட்கும் வேலை. 20 செ.மீ. உயரத்தில் இரண்டு பட்டை, 10.6 செ.மீ. உயரத்தில் ஒரு பட்டை என்று முதலில் அறுத்துவிட்டு, பிறகு பட்டைகளைத் துண்டாக்கச் சொல்லுங்கள். பிளேடு ஒவ்வொரு அறுப்பிலும் 3 எம்.எம். வரை தின்றுவிடும். காகிதத்தில் வரையும்போது அதையும் சேர்த்து வரையுங்கள். ஒரே அளவுள்ள நான்கு துண்டையும் ஒரே செட்டிங்கில் அறுக்க வேண்டும் என்பதை அறுப்பவரிடம் அழுத்திச் சொல்லுங்கள். எல்லாத் துண்டும் அரை எம்.எம். கூடினாலும் பரவாயில்லை, ஒன்றுக்கொன்று மாறினால்தான் மூலையில் சந்து விழும். அப்புறம் வாங்கிய பலகை உண்மையில் 12 எம்.எம். இருக்கிறதா என்று அளந்து பாருங்கள். 11 அல்லது 11.5 இருப்பது சாதாரணம். அப்படியானால் மேல், கீழ்த் துண்டுகளின் 10.6-ஐ அதற்கேற்ப மாற்ற வேண்டும்.

முன்பலகையில் ஓட்டை

ஒட்டுவதற்கு முன்பே ஓட்டை போட்டுவிட வேண்டும். டேட்டாஷீட்டில் ஓட்டையின் விட்டம் கொடுத்திருப்பார்கள். அதை நம்பினாலும், டிரைவரை நேரில் ஒருமுறை அளந்துகொள்ளுங்கள். டிரைவரின் மையம் பலகையின் நட்ட நடுவில் வேண்டாம். மேலிருந்து 7.5 செ.மீ., ஒரு பக்கத்திலிருந்து 6 செ.மீ. என்று கொஞ்சம் விலக்கி வையுங்கள். நாலா பக்க விளிம்பும் ஒரே தூரத்தில் இருந்தால் விளிம்பில் பட்டுச் சிதறும் ஒலி எல்லாம் ஒரே நேரத்தில் காதுக்கு வந்து சேரும். இடது பெட்டிக்கும் வலது பெட்டிக்கும் இந்த விலகல் கண்ணாடிப் பிம்பம் போல எதிரெதிராக இருக்கட்டும்.

ஹோல்சா (வட்டமாக அறுக்கும் ரம்பம்) கிடைத்தால் நல்லது. இல்லாவிட்டால் ஜிக்சா. ஹோல்சாவை ட்ரில்லிங் மெஷினில் மாட்டி, முன்பக்கமிருந்து பாதி, திருப்பிப் போட்டுப் பின்பக்கமிருந்து பாதி என்று அறுத்தால் பிளைவுட்டின் மேல்தோல் பிய்யாது.

இங்கே பலரும் கவனிக்காத ஒரு வேலை இருக்கிறது. டிரைவரைத் திருப்பிப் பாருங்கள். கூம்புக்குப் பின்னால் சட்டத்தில் சிறு சிறு ஜன்னல்கள் இருக்கும். கூம்பின் முதுகுப்பக்கக் காற்று அந்த வழியாகத்தான் பெட்டிக்குள் போக வேண்டும். மூன்று இஞ்ச் டிரைவரின் ஜன்னல்கள் விரல்நுனி அளவே இருக்கும். 12 எம்.எம். பலகையின் ஓட்டைச் சுவர் அவற்றில் பாதியை அடைத்துவிடும். ஓட்டையின் உள்விளிம்பை அரத்தால், அல்லது உப்புத்தாள் சுற்றிய குழாயால், 45 டிகிரி சாய்வாகச் சீவிவிடுங்கள். ஸ்க்ரூ பிடிக்கும் இடங்களில் மட்டும் சீவாமல் விடுங்கள். அரைமணி நேர வேலை. குரலில் இருந்த மூக்கடைப்பு விலகுவதைக் காதாலேயே கேட்கலாம்.

ஒட்டுவது

முதலில் பசையில்லாமல் எல்லாத் துண்டையும் சேர்த்து வைத்துப் பாருங்கள். சந்து தெரிந்தால் உப்புத்தாளில் தேய்த்துச் சரிசெய்யும் நேரம் இதுதான். பின்பலகையில் டெர்மினலுக்கு ஓட்டையும் இப்போதே போட்டுவிடுங்கள்.

பக்கவாட்டுத் துண்டு இரண்டுக்கும் நடுவே மேல், கீழ்த் துண்டுகளை வைத்து ஃபெவிகால் போட்டு ஒட்டி ஒரு சட்டமாக்குங்கள். கிரானைட் மேடை, டைல்ஸ் தரை மாதிரி சமதளமான இடத்தில் செய்யுங்கள், கீழே பழைய பாலிதீன் விரித்துக்கொள்ளுங்கள். மூலைக்கு மூலை குறுக்காக இரண்டு பக்கமும் அளந்து, இரண்டும் ஒன்றாக இருந்தால் சட்டம் நேராக இருக்கிறது என்று அர்த்தம். கிளாம்ப் இல்லாதவர்கள் பழைய சைக்கிள் டியூபை நீளவாக்கில் கிழித்து இறுக்கிச் சுற்றலாம். கிளாம்பைவிடச் சீரான அழுத்தம் கிடைக்கும். பிதுங்கி வரும் பசையை ஈரத்துணியால் துடையுங்கள். காய்ந்தபின் சுரண்டினால் மரத்தின் நாரும் சேர்ந்து வரும்.

சட்டம் காய்ந்ததும் பின்பலகை, அது காய்ந்ததும் முன்பலகை. ஒவ்வொரு கட்டத்துக்கும் ஓர் இரவு கொடுங்கள். பின்பலகை ஒட்டியதும், முன்பக்கம் திறந்திருக்கும்போதே, உள்மூலைகள் எல்லாவற்றிலும் விரலால் ஒரு கோடு பசை இழுத்துவிடுங்கள். முன்பலகை ஒட்டியபின் டிரைவர் ஓட்டை வழியாக விரலை விட்டு அந்த மூலைகளையும் பூசுங்கள். பெட்டியின் பேஸ் முழுக்க இந்தப் பூச்சில்தான் நிற்கிறது. ஊசி முனை அளவு சந்திலும் காற்று சீறும், கூம்புக்கு ஸ்பிரிங் தளர்ந்துவிடும்.

உள்ளே நிரப்பப் பாலியஸ்டர் ஃபைபர் தலையணைப் பஞ்சு போதும். லிட்டருக்கு 8 கிராம் கணக்கில் இந்தப் பெட்டிக்கு 18 முதல் 20 கிராம். உதிர்த்துப் பரப்பிப் போடுங்கள், திணிக்காதீர்கள். இலவம்பஞ்சு வேண்டாம், தூளாகி டிரைவரின் சந்தில் புகும்.

ஒயரும் துருவமும்

இரண்டு கோர் ஒயர், 0.75 சதுர எம்.எம். போதும். விலை உயர்ந்த ஸ்பீக்கர் கேபிளுக்குக் கொடுக்கும் பணத்தை டிரைவரில் போடுங்கள். ஒரு மீட்டர் நீளத்தில் அந்தக் கேபிள் எந்த வித்தியாசமும் காட்டாது. டிரைவரில் ஒயர் மாட்டும் காதுகளில் ஈயம் வைக்கும்போது 25 வாட் சால்டரிங் அயர்ன் போதும். மூன்று நொடிக்கு மேல் சூடு வைக்காதீர்கள். அந்தக் காதிலிருந்து கூம்புக்குப் போகும் பின்னல் கம்பி சூட்டில் விறைத்துவிடும்.

துருவம் சரியா என்று பார்க்க சர்வீஸ் கடைக்காரர்களின் பழைய வழி இருக்கிறது. ஒரு 1.5 வோல்ட் பேட்டரியின் பிளஸ்ஸைப் பெட்டியின் சிவப்பு டெர்மினலிலும் மைனஸைக் கறுப்பிலும் ஒரு நொடி தொட்டு எடுங்கள். 'டப்' என்று கூம்பு வெளியே வர வேண்டும். உள்ளே போனால் ஒயர் மாறியிருக்கிறது. இரண்டு பெட்டியும் ஒரே மாதிரி அசைய வேண்டும். ஒன்று மட்டும் மாறியிருந்தால் பேஸ் காணாமல் போகும், நடுவில் நிற்க வேண்டிய பாடகர் எங்கே இருக்கிறார் என்றே பிடிபடாது.

டிரைவருக்கும் பலகைக்கும் நடுவே கதவுச் சந்தில் ஒட்டும் ஃபோம் டேப்பை வட்டமாக ஒட்டி, ஸ்க்ரூக்களை எதிரெதிராக மாற்றி மாற்றி முடுக்குங்கள். ஒரே பக்கமாக முடுக்கினால் சட்டம் வளையும். இப்போது கூம்பின் ஓரத்தை இரண்டு பக்கமும் விரலால் மெல்ல உள்ளே அமுக்கி விடுங்கள். சோம்பலாகத் திரும்பி வந்தால் காற்று அடைபட்டிருக்கிறது. சட்டென்று துள்ளி வந்தால் எங்கோ கசிகிறது. பெரும்பாலும் டெர்மினல் ஓட்டையில்தான் கசியும்.

ஆம்ப்

டிபிஏ3116 சிப் வைத்த கிளாஸ்-டி (மின்சாரத்தைச் சிக்கனமாகச் செலவழிக்கும் வகை) ஆம்ப் போர்டுகள் எளிதாகக் கிடைக்கின்றன. 12 வோல்ட் 3 ஆம்பியர் அடாப்டர் ஒன்று போதும். மின் இணைப்பைத் திறந்து வேலை செய்ய வேண்டிய அவசியமே இல்லை. புதியவர்களுக்கு நான் இதைச் சொல்வதற்கு முதல் காரணம் அந்தப் பாதுகாப்புதான்.

போர்டின் மேல் 50 வாட், 100 வாட் என்று போட்டிருக்கும். 12 வோல்ட்டில் அது வராது. 12 வோல்ட் உச்சம் என்றால் ஆர்.எம்.எஸ். 8.5 வோல்ட். அதன் வர்க்கம் 72. 8 ஓமால் வகுத்தால் 9 வாட். தெளிவான ஒலியாக அதற்கு மேல் ஒரு பக்கத்துக்குக் கிடைக்க வழியில்லை. அந்த 9 வாட்டே அதிகம். ஒரு வாட்டுக்கு 1 மீட்டரில் 85 டெசிபல் தரும் டிரைவர், 70 செ.மீ. தூரத்தில் 88 தரும். இரண்டு பெட்டிக்கும் சேர்த்து 91. வாரத்துக்கு 40 மணி நேரம் கேட்பதானால் 80 டெசிபலுக்குள் இருங்கள் என்கிறது உலக சுகாதார நிறுவனம். ஆக, தினசரிக் கேட்பது ஒரு வாட்டில் பத்தில் ஒரு பங்கைக்கூடத் தொடாது.

ஓர் எச்சரிக்கை. இந்த வகை போர்டில் ஸ்பீக்கரின் மைனஸ் முனையிலும் மின்சாரம் உண்டு. இரண்டு ஸ்பீக்கரின் மைனஸையும் ஒன்றாக முறுக்கி ஒரே ஒயராக இழுத்தாலோ, கிரவுண்டோடு சேர்த்தாலோ சிப் எரிந்துபோகலாம். நான்கு முனைக்கும் நான்கு தனி ஒயர்.

முதலில் சத்தத்தை முழுக்கக் குறைத்துவிட்டு ஆன் செய்யுங்கள். லேப்டாப்பில் மாட்டியதும் 'ஙொய்' என்று இரைச்சல் வந்தால், லேப்டாப் சார்ஜரைக் கழற்றிப் பாருங்கள். இரைச்சல் நின்றுவிட்டால் குற்றம் உங்கள் பெட்டியிலோ ஆம்பிலோ இல்லை, கிரவுண்ட் ஒயர்கள் வழியே மின்சாரம் சுற்றி ஓடும் கிரவுண்ட் லூப்தான். ஆடியோ ஒயரில் ஒரு ஐசொலேட்டர் போட்டால் தீரும்.

மேசையில் எங்கே வைப்பது

இதற்கு ஒரு பைசா செலவில்லை. ஆனால் பெட்டி செய்ததில் பாதிப் பலன் இங்கேதான் கிடைக்கிறது அல்லது தொலைகிறது.

ஸ்பீக்கரை அப்படியே மேசைமேல் வைத்தால் ஒலி காதுக்கு இரண்டு வழியில் வரும். ஒன்று நேராக, இன்னொன்று மேசையில் பட்டுத் தெறித்து. டிரைவர் மேசையிலிருந்து 10 செ.மீ. உயரத்திலும், காது 45 செ.மீ. உயரத்திலும், நடுவே 65 செ.மீ. தூரமும் இருந்தால் நேர்வழி 74 செ.மீ., தெறித்து வரும் வழி 85 செ.மீ. இந்த 11 செ.மீ. வித்தியாசம் 1500 ஹெர்ட்ஸ் ஒலிக்குப் பாதி அலைநீளம். இரண்டும் எதிரெதிராக வந்து ஒன்றையொன்று தின்றுவிடும். 1500 ஹெர்ட்ஸ் என்பது பாட்டின் சொற்கள் புரிவதற்கு மிக வேண்டிய இடம். மேசை ஸ்பீக்கர்கள் பலவற்றில் குரல் உள்ளொடுங்கிக் கேட்பதற்கு இது ஒரு முக்கியக் காரணம்.

ஸ்பீக்கரை 20 செ.மீ. தூக்கி வைத்துப் பாருங்கள். அதே கணக்கில் நேர்வழி 67 செ.மீ., தெறிக்கும் வழி 99 செ.மீ. ஆகும். பள்ளம் 530 ஹெர்ட்ஸ் பக்கம் இறங்கிவிடும், தெறித்து வரும் ஒலி நீண்ட வழி வருவதால் வலுவும் குறைந்து பள்ளம் ஆழமில்லாமல் போகும். மீந்த பிளைவுட்டில் ஒரு ஸ்டாண்ட் செய்யலாம். அது முடியாவிட்டால் அடியில் முன்பக்கம் கட்டை கொடுத்து, டிரைவர் உங்கள் காதைப் பார்க்கும்படி மேல்நோக்கிச் சாயுங்கள். இரண்டு ஸ்பீக்கரும் உங்கள் தலையும் சமபக்க முக்கோணமாக இருக்கட்டும். பெட்டிகளை உங்களை நோக்கித் திருப்புங்கள். ஒரே டிரைவர் வேலை செய்வதால் மேல் ஸ்தாயி நேராக முன்னால் மட்டும்தான் முழுசாக வரும், பக்கவாட்டில் சீக்கிரம் மங்கிவிடும்.

பின்சுவருக்குப் பக்கத்தில் தள்ளினால் பேஸ் கூடும். 10 செ.மீ., 20 செ.மீ., 30 செ.மீ. என்று ஒவ்வோர் இடத்திலும் தெரிந்த பாட்டு ஒன்றைப் போட்டுக் கேளுங்கள். மிருதங்கத்தின் இரண்டு முகமும் ஒரே கருவியாகக் கேட்கும் இடத்தில் நிறுத்துங்கள்.

மீதித் திருத்தம் மென்பொருளில்

சின்னப் பெட்டி எதுவானாலும் ஒரு குணம் உண்டு. முன்பலகையின் அகலத்தைவிட அலை பெரிதாகும்போது ஒலி முன்னால் மட்டும் போகாமல் பெட்டியைச் சுற்றிப் பின்னாலும் பரவிவிடும். அதனால் மேல் ஸ்தாயி முன்னுக்கு வந்து கத்துவது போலவும் கீழ் ஸ்தாயி மெலிந்தும் தெரியும். 115-ஐ மீட்டரில் அகலத்தால் வகுத்தால் அது எங்கே நிகழ்கிறது என்று தெரியும். நம் 13 செ.மீ. பலகைக்கு 885 ஹெர்ட்ஸ் பக்கம். சுவர் அருகே வைத்த மேசை ஸ்பீக்கருக்கு 3 டெசிபல் திருத்தம் பெரும்பாலும் போதும். விண்டோஸில் ஈக்வலைசர் ஏபிஓ என்ற ஒலித் திருத்த மென்பொருள் இலவசமாகக் கிடைக்கிறது. 900 ஹெர்ட்ஸில் ஒரு ஹை ஷெல்ஃப் (அதற்கு மேலுள்ளதை மொத்தமாகக் கூட்டவோ குறைக்கவோ செய்யும் வடிகட்டி) போட்டு 3 டெசிபல் இறக்குங்கள். மொபைலிலும் கேட்கப்போகிறீர்கள் என்றால், 0.5 மில்லி ஹென்ரி ஏர்கோர் காயிலும் (நடுவில் இரும்பு இல்லாத கம்பிச்சுருள்) 3.3 ஓம் 5 வாட் ரெசிஸ்டரும் ஒன்றுக்கொன்று பேரலலாக இணைத்து, டிரைவரின் பிளஸ் ஒயரில் தொடராகப் போட்டால் அதே திருத்தம் பெட்டிக்குள்ளேயே அமைந்துவிடும். நான் முதலில் மென்பொருளில் சில நாள் கேட்டுவிட்டு, காதுக்குப் பிடித்தால் மட்டும் காயில் வாங்கச் சொல்வேன்.

பாட்டில் ஸ, ஷ வரும் இடமெல்லாம் காதைக் குத்தினால், டேட்டாஷீட்டின் வரைபடத்தில் 5 கிலோஹெர்ட்ஸுக்கு மேல் ஒரு மேடு இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் அந்த இடத்தை மட்டும் 2, 3 டெசிபல் இறக்குங்கள். பேஸ் பட்டனைத் திருகி இல்லாத ஆழத்தை வரவழைக்கப் பார்க்காதீர்கள். ஓர் ஆக்டேவ் கீழே அதே சத்தம் வர வேண்டுமானால் கூம்பு நான்கு மடங்கு தூரம் ஆட வேண்டும். மூன்று இஞ்ச் கூம்புக்கு அந்த இடம் கிடையாது, கூம்பை ஆட்டும் கம்பிச்சுருளான வாய்ஸ் காயில் முட்டிச் சேதமாகும். ஆழமான பேஸ் வேண்டும் என்று தோன்றினால் பிற்பாடு ஒரு சின்ன சப் ஊஃபரைச் சேர்த்து, 150 ஹெர்ட்ஸுக்குக் கீழுள்ளதை அதனிடம் கொடுத்துவிடலாம்.

பட்டி பார்த்து, பாலிஷ் போட்டு, வெனீர் ஒட்டும் வேலையைக் கடைசிக்கு வையுங்கள். இரண்டு மூன்று வாரம் பூச்சு எதுவும் இல்லாமலே மேசையில் வைத்துக் கேளுங்கள். அதற்குள் பஞ்சைக் கூட்டவோ குறைக்கவோ, காயில் சேர்க்கவோ, டெர்மினல் கசிவை அடைக்கவோ பலமுறை டிரைவரைக் கழற்ற வேண்டியிருக்கும். பெயிண்ட் அடிக்கும் நாளில் டிரைவரைக் கழற்றித் தனியே ஒரு டப்பாவில் மூடி வைத்துவிடுங்கள். உப்புத்தாளில் தேய்க்கும்போது பறக்கும் மரத்தூள் காந்தத்தின் சந்துக்குள் போனால் வாய்ஸ் காயில் உரசத் தொடங்கும், அதை வெளியே எடுக்க வழியில்லை.